இலவசமா? கட்டற்றதா? – நிரலாக்கப் பாடநூல்களின் கதை

இன்று ஒரு மாணவர் பைத்தான் மொழி கற்க நினைத்தால் தேடுபொறியில் இரண்டு சொற்களைத் தட்டினால் போதும். புத்தகங்கள், காணொளிகள், பயிற்சிகள் என்று வந்து குவிகின்றன. பெரும்பாலானவற்றுக்குக் காசு கிடையாது. கிடைப்பதை வாங்கிக்கொண்டு படிக்கத் தொடங்குகிறார். இவற்றை யார் எழுதினார்கள், ஏன் காசு கேட்கவில்லை, நாளையும் இவை இருக்குமா என்று யோசிப்பவர்கள் குறைவு.

'இலவசம்' என்ற சொல்லுக்குள் இரண்டு வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, விலை இல்லாமல் கொடுப்பது. கொடுப்பவர் நாளை நிறுத்தினால் அத்துடன் முடிந்தது. மற்றொன்று, வாங்கியவர் நகலெடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற அனுமதி. இதைத்தான் தமிழில் 'கட்டற்ற' என்கிறார்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதால் அங்கே எப்போதும் குழப்பம். தமிழில் இரண்டு சொற்கள் இருந்தும் வேறுபாட்டை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. நிரலாக்கப் பாடநூல்களின் வரலாற்றைப் பார்த்தால் இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது புரியும்.

ஜெராக்ஸ் எடுத்துப் படித்த புத்தகம்:

கதை இணையத்துக்கு முன்பே தொடங்குகிறது. ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் என்ற பேராசிரியர் இருந்தார். அப்போது அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவான யுனிக்ஸ் இயங்குதளம் பல்கலைக்கழகங்களுக்குப் பரவி வந்தது. அதன் பெரும்பகுதி சி மொழியில் எழுதப்பட்டது. அதன் மையப் பகுதியான கர்னலின் நிரல் ஏறத்தாழ 9,000 வரிகள்தான். ஒரு மாணவர் முழுதாகப் படித்துவிடக்கூடிய அளவு. லயன்ஸ் தன் மாணவர்களுக்காக அந்த நிரலை ஒரு தொகுதியாகவும், அதற்கான விளக்க உரையை இன்னொரு தொகுதியாகவும் 1970களின் நடுவில் தயாரித்தார்.

நன்றாக எழுதப்பட்ட ஒரு பெரிய நிரலை வரிவரியாகப் படித்துப் புரிந்துகொள்ளும் வாய்ப்பு அதுவரை மாணவர்களுக்குக் கிடைத்ததில்லை. ஆனால் 1979இல் யுனிக்ஸின் 7ஆம் பதிப்பு வந்தபோது உரிமையாளரான ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் ஒரு நிபந்தனை போட்டது. மூல நிரலை வகுப்பில் பாடமாக நடத்தக் கூடாது! லயன்ஸின் உரையும் உரிமம் பெற்றவர்களுக்கு வெளியே போகக்கூடாத பொருளாக இருந்தது.

ஆனால் மாணவர்கள் விடவில்லை. ஜெராக்ஸ் எடுத்தார்கள். ஜெராக்ஸின் ஜெராக்ஸ், அதன் ஜெராக்ஸ் என்று எழுத்து மங்கும் வரை அது கைமாறியது. 1996இல்தான் அந்தப் புத்தகம் முறைப்படி அச்சில் வெளிவந்தது. 1998இல் லயன்ஸ் காலமானார். ஒரு நல்ல ஆசிரியரின் பாடம் ஏறத்தாழ 20 ஆண்டுகள் திருட்டு நகலாகவே உயிர்வாழ்ந்தது. அந்தத் தடையின் பிறகு வகுப்பில் நடத்த வேறு இயங்குதளம் வேண்டும் என்று ஆம்ஸ்டர்டாமில் ஆண்ட்ரூ டானன்பாம் தானே மினிக்ஸை எழுதி 1987இல் வெளியிட்டார் என்பது இங்கே குறிப்பிடத்தக்கது. அதைப் படித்து வளர்ந்த ஒரு மாணவர்தான் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ்.

இணையம் வந்த பிறகு:

1990களில் நிலைமை மாறியது. சி மொழி பற்றிய யூஸ்நெட் விவாதக் குழுவில் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வந்தன. அவற்றுக்கான பதில்களை ஸ்டீவ் சம்மிட் என்பவர் தொகுத்து 1990 முதல் வெளியிட்டு வந்தார். பைத்தான் மொழியை உருவாக்கிய கைடோ வான் ராசம் தன் மொழிக்கு ஒரு பயிற்சி நூலையும் தானே எழுதி இலவசமாகத் தந்தார். ப்ரூஸ் எக்கல் 'திங்கிங் இன் ஜாவா' என்ற தன் புத்தகத்தை 1998இல் அச்சில் வெளியிட்டதோடு முழுப் பிரதியையும் இணையத்தில் வைத்தார். இலவசமாகக் கொடுத்தால் அச்சுப் புத்தகத்தை யார் வாங்குவார்கள் என்ற கேள்வி எழுந்தது. ஆனால் பலர் திரையில் படித்துப் பார்த்துவிட்டு, பிடித்துப்போய்க் காசு கொடுத்தும் வாங்கினார்கள். எம்.ஐ.டி.யின் புகழ்பெற்ற ஸ்கீம் மொழிப் பாடநூலான ஏபல்சன், சஸ்மன் புத்தகத்தின் 1996ஆம் ஆண்டுப் பதிப்பும் இணையத்துக்கு வந்தது.

இவை எல்லாம் பெரிய உதவிகள். ஆனால் பெரும்பாலும் 'படித்துக்கொள்ளுங்கள்' என்ற அளவில் நின்ற உதவிகள். பாடத்தைத் தன் வகுப்புக்கு ஏற்ப மாற்றி அச்சிட ஓர் ஆசிரியர் விரும்பினால் என்ன செய்வது?

ஸ்டால்மன் சொன்ன குறை:

இந்தக் குறையை உரக்கச் சொன்னவர் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்டு ஸ்டால்மன். அவர் தன் கட்டுரை ஒன்றில் ஓர் அனுபவத்தைச் சொல்கிறார். பெர்ல் மொழியைக் கற்கலாம் என்று அதன் கையேட்டை எடுத்தாராம். படிக்கக் கடினமாக இருந்தது. வேறு நல்ல புத்தகம் உண்டா என்று கேட்டால், உண்டு, ஆனால் அவை கட்டற்றவை அல்ல என்று பதில் வந்தது.

மென்பொருளை மாற்றலாம், ஆனால் அதை விளக்கும் புத்தகத்தை மாற்றக் கூடாது என்றால் என்ன பயன்? மென்பொருள் மாறியதும் புத்தகம் பொய்யாகிவிடுமே! இதுதான் அவர் வாதம். விலை வாங்குவதை அவர் எதிர்க்கவில்லை. நகலெடுக்கவும் திருத்தவும் அனுமதி வேண்டும் என்றுதான் கேட்டார். பாடநூல்களுக்கும் கையேடுகளுக்கும் என்றே குனூ கட்டற்ற ஆவண உரிமம் 2000ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளிவந்தது. 2002 டிசம்பரில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் வந்தன.

உரிமம் என்பது காகிதத்தில் சில பத்திகள்தான். அதனால் நடைமுறையில் என்ன நடக்கும் என்பதை ஒரு புத்தகத்தின் பயணம் அழகாகக் காட்டுகிறது.

14 நாளில் ஒரு பாடநூல்:

1999 ஜனவரி. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள கோல்பி கல்லூரியில் ஆலன் டவுனி என்ற ஆசிரியர் ஜாவா மொழியில் அறிமுக வகுப்பு எடுக்கத் தயாராகிக்கொண்டிருந்தார். அதே பாடத்தை ஏற்கனவே மூன்று முறை நடத்தியிருந்தார். தோல்வி அடையும் மாணவர்கள் அதிகமாக இருந்தார்கள். தேர்ச்சி பெற்றவர்களுக்கும் பெரிதாக ஒன்றும் பிடிபடவில்லை.

குறை புத்தகத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. கடையில் கிடைத்த பாடநூல்கள் தலையணை அளவு இருந்தன. மொழியின் நுணுக்கங்கள் நிறைய, சிந்திக்கும் முறை குறைவு. முதல் சில அத்தியாயங்கள் சுலபமாகப் போகும். ஐந்தாம் அத்தியாயம் வாக்கில் திடீரென்று காலடியில் தரை விலகியதுபோல் இருக்கும். அங்கே விழுந்த மாணவர் அந்தப் பருவம் முழுவதும் எழுந்திருக்க மாட்டார்.

வகுப்பு தொடங்க இரண்டு வாரம் இருந்தது. தானே எழுதிவிடுவது என்று முடிவு செய்தார். ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம், ஒவ்வொன்றும் 10 பக்கம். 13 நாட்கள் எழுதினார். 14ஆம் நாள் திருத்தினார். ஒளிநகல் எடுக்க அனுப்பிவிட்டார். மாணவர்கள் 50 பக்கத்தைப் படிக்காமல் விடுவதைவிட 10 பக்கத்தைப் படிப்பது மேல் என்பதே அவர் கணக்கு. கலைச்சொற்களைக் குறைத்தார், வந்த சொற்களை முதல் முறையே விளக்கினார். புத்தகத்துக்கு 'கணினி அறிவியலாளரைப் போல் சிந்திப்பது எப்படி' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார்.

மாணவர்கள் படித்தார்கள். புரிந்தது. வகுப்பு நேரத்தைக் கடினமான பகுதிகளுக்கும் பயிற்சிக்கும் செலவிட முடிந்தது. இதோடு நின்றிருந்தால் இது ஒரு நல்ல ஆசிரியரின் கதை மட்டுமே. ஆனால் டவுனி தன் புத்தகத்தை மென்பொருள்களுக்கு வழங்கப்படும் குனூ உரிமத்தில் வெளியிட்டார். யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம், மாற்றலாம், பரப்பலாம். பின்னர் அது கட்டற்ற ஆவண உரிமத்துக்கு மாறியது.

ஜாவா புத்தகம் பைத்தான் புத்தகம் ஆனது:

விர்ஜினியா மாநிலத்தின் ஆர்லிங்டனில் யார்க்டவுன் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. அங்கே கணினி ஆசிரியராக இருந்தவர் ஜெஃப்ரி எல்க்னர். அமெரிக்காவில் கல்லூரி அளவிலான பாடங்களைப் பள்ளியிலேயே படித்து எழுதும் ஒரு தேர்வு உண்டு. 1999இல் அந்தக் கணினித் தேர்வு பாஸ்கல் மொழியை விட்டு சி பிளஸ் பிளஸ் மொழிக்கு மாறியது. அதற்குத் தயாராக 1997-98லேயே யார்க்டவுன் பள்ளியும் முதலாண்டு வகுப்பில் மொழியை மாற்றியது. இரண்டு ஆண்டுகளில் எல்க்னருக்கு ஒன்று உறுதியானது. சி பிளஸ் பிளஸ் வலிமையான மொழிதான், ஆனால் முதன்முதலாகக் கற்பவர்களுக்கு அது சரிப்படாது.

வேறு மொழி தேடினார். பள்ளியில் இருந்த லினக்ஸ் கணினிகளிலும் ஓட வேண்டும், மாணவர்கள் வீட்டில் வைத்திருக்கும் கணினிகளிலும் ஓட வேண்டும். குடும்ப வருமானம் எவ்வளவாக இருந்தாலும் எல்லா மாணவரும் வீட்டில் பயன்படுத்த வேண்டும், அதனால் கட்டற்றதாக இருக்க வேண்டும். கற்பதற்கும் கற்பிப்பதற்கும் எளிதாகவும் இருக்க வேண்டும். இத்தனைக்கும் பொருந்தியது பைத்தான். தன் மாணவர் ஒருவரிடம் கொடுத்துப் பார்த்தார். அந்த மாணவர் இரண்டே மாதத்தில் மொழியைக் கற்று, பள்ளியில் கணினிக் கோளாறுகளைப் பதிவு செய்யும் ஒரு நிரலையும் எழுதிவிட்டார்!

மொழி கிடைத்தது. பாடநூல் இல்லை. அந்தக் காலத்தில் பள்ளி மாணவர்களுக்கு ஏற்ற பைத்தான் பாடநூல் கடையில் கிடைக்காது. இங்கேதான் ஸ்டால்மன் மீண்டும் வருகிறார். கட்டற்ற பாடநூல்கள் எழுத ஆர்வம் என்று டவுனியும் எல்க்னரும் தனித்தனியாக அவருக்கு எழுதியிருந்தார்கள். அவர் இருவரையும் அறிமுகம் செய்து வைத்தார்.

டவுனியின் ஜாவா புத்தகத்தைப் படித்த எல்க்னருக்கு ஒரு யோசனை வந்தது. உரிமம் அனுமதிக்கிறதே, இதை அப்படியே பைத்தானுக்கு மாற்றினால் என்ன? மாற்றினார். தனியாக ஒரு பாடநூல் எழுத தன்னால் முடிந்திருக்காது என்று அவரே முன்னுரையில் ஒப்புக்கொள்கிறார். திரையில் ஒரு வணக்கச் செய்தியைக் காட்டும் முதல் நிரலை விளக்க சி பிளஸ் பிளஸ் வடிவத்தில் பத்துக்கும் மேற்பட்ட பத்திகள் தேவைப்பட்டன. பைத்தானில் இரண்டே பத்திகள் போதுமாக இருந்தன.

இன்னொரு சுவையான செய்தி. புத்தகத்தில் பிழையைக் கண்டுபிடித்தாலோ, புரியாத இடத்தைச் சுட்டி அதனால் ஒரு திருத்தம் நடந்தாலோ மாணவருக்கு ஒரு கூடுதல் மதிப்பெண் என்று எல்க்னர் அறிவித்தார். மாணவர்கள் விடுவார்களா? புத்தகத்தைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். பாடநூலில் எது புரியவில்லை என்று சொல்ல அதைப் படிக்கும் மாணவரைவிடத் தகுதியானவர் யார்?

எல்க்னர் தன் பிரதியை டவுனிக்கு அனுப்பினார். டவுனிக்கு அப்போது பைத்தான் தெரியாது. தான் எழுதிய புத்தகத்தைப் படித்தே அவர் பைத்தான் கற்றுக்கொண்டார்!

கைமாறிய புத்தகம்:

ஒரிகன் மாநிலத்தின் யூஜீன் நகரில் உள்ள லேன் கம்யூனிட்டி கல்லூரி ஆசிரியர் கிறிஸ் மேயர்ஸ் மூன்றாம் ஆசிரியராகச் சேர்ந்தார். அது ஸ்பானிஷ் மொழிக்குப் போனது. 2008 டிசம்பரில் பைத்தான் 3 வந்தபோது தென்னாப்பிரிக்காவின் ரோட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் வென்ட்வொர்த் அதை புதிய பைத்தானுக்கு ஏற்பத் திருத்தினார். அயோவா மாநிலத்தின் லூதர் கல்லூரியில் பிராட் மில்லர், டேவிட் ரேனம் ஆகிய இருவர் பக்கத்துக்குள்ளேயே நிரலை ஓட்டிப் பார்க்கும் வடிவத்தை உருவாக்கினார்கள். டவுனி தன் பங்குக்குப் புத்தகத்தை மறுபடி எழுத, ஒ'ரைலி பதிப்பகம் 2012இல் அதை 'திங்க் பைத்தான்' என்று அச்சிட்டது. அப்போதும் இலவசப் பிரதி இணையத்திலேயே இருந்தது.

இவர்களில் பலர் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்திருக்கக்கூட அவசியம் இல்லை. ஒவ்வொருவருக்கும் அவரவர் வகுப்பில் ஒரு தேவை இருந்தது. முன்னவர் விட்ட இடத்திலிருந்து தொடர அனுமதி இருந்தது. அவ்வளவுதான்.

ஆசிரியர் காணாமல் போனால்...:

அனுமதியின் அருமை தெரிய வேண்டுமானால் அது சோதனைக்கு வரவேண்டும். வந்தது. ரூபி மொழிக்குக் கார்ட்டூன் நரிகளோடு ஒரு விசித்திரமான, வேடிக்கையான பாடநூலை 'வொய்' என்ற புனைபெயரில் ஒருவர் எழுதியிருந்தார். 2009 ஆகஸ்டில் ஒரு நாள் அவர் தன் தளங்கள், கணக்குகள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறைந்துபோனார். 2011 அக்டோபரில் மார்க் பில்கிரிமும் அதேபோல் செய்தார். 'டைவ் இன்டு பைத்தான்' என்ற அவருடைய புத்தகம் பல்லாயிரம் பேருக்குப் பைத்தான் கற்றுத் தந்தது. அது இருந்த முகவரிக்குப் போனவர்களுக்கு 'நிரந்தரமாக நீக்கப்பட்டது' என்பதைக் குறிக்கும் 410 என்ற எண்தான் வந்தது. அவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பலர் பயந்தார்கள். நலமாகத்தான் இருக்கிறார், பொதுவாழ்வு போதும் என்று ஒதுங்கிவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

இரண்டு புத்தகங்களும் அழியவில்லை. பில்கிரிமின் புத்தகம் குனூ கட்டற்ற ஆவண உரிமத்தில் இருந்தது, வொய்யின் புத்தகம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருந்தது. வாசகர்கள் தங்களிடம் இருந்த பிரதிகளை வேறு தளங்களில் ஏற்றினார்கள். இந்த முறை யாரும் லயன்ஸின் மாணவர்களைப்போல் ஒளிந்து நகலெடுக்க வேண்டியிருக்கவில்லை. எழுதியவரே முன்கூட்டி அனுமதி கொடுத்திருந்தார்.

பெரிய இடங்களின் இலவசம்:

பல்கலைக்கழகங்களும் பின்தங்கவில்லை. 2001 ஏப்ரலில் எம்.ஐ.டி. தன் பாடங்களை எல்லாம் இணையத்தில் இலவசமாக வைக்கப்போவதாக அறிவித்தது. 2002இல் 50 பாடங்களோடு தொடங்கி 2007க்குள் 1,800 பாடங்களை எட்டியது. இந்தியாவில் ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் என்.பி.டி.இ.எல். திட்டத்தைத் தொடங்கின. ஐ.ஐ.டி.யில் இடம் கிடைக்காத மாணவர்களும் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் சி, ஜாவா வகுப்புகளைக் கேட்க முடிந்தது. 2011இல் கோட்அகாடமி, 2012இல் கோர்சேரா, எட்எக்ஸ் என்று நிறுவனங்கள் வந்தன.

இவற்றால் பயன்பெற்றவர்கள் கோடிக்கணக்கில் இருப்பார்கள். ஆனால் ஓர் இடத்தில் மட்டும் இருக்கும் இலவசத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. 2016 ஜூன் 30 அன்று கோர்சேரா தன் பழைய தளத்தை மூடியபோது புதிய தளத்துக்கு மாற்றப்படாத பல பாடங்கள் மறைந்தன. 2017 மார்ச்சில் பெர்க்லி பல்கலைக்கழகம் 20,000க்கும் மேற்பட்ட வகுப்புப் பதிவுகளைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து விலக்கியது. காது கேளாதவர்கள் படிக்க வசன வரிகள் இல்லை என்ற நியாயமான புகார் வந்திருந்தது. வசன வரிகள் சேர்க்க ஆகும் செலவைக் காரணம் காட்டிப் பல்கலைக்கழகம் பதிவுகளையே எடுத்துவிட்டது. புகார் கொடுத்தவர்கள் கேட்டது அதுவல்ல. நகலெடுக்க உரிமம் இருந்ததால் வெளியே சிலர் அவற்றைச் சேமித்து வைத்தார்கள். கொடுப்பவர் நல்லவராகவே இருந்தாலும் பணம், சட்டம், நிர்வாகம் என்று ஏதோ ஒரு காரணம் எப்போதாவது வரத்தான் செய்யும்.

தமிழில்:

நிரலாக்கம் கற்க ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிலை தமிழ் மாணவர்களுக்கு ஒரு பெரிய தடை. 2012 ஜனவரியில் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ் இந்தத் தடையைக் குறைக்க முயன்றது. கட்டுரைகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டதால் அவற்றைத் தொகுத்து 'எளிய தமிழில்' என்ற வரிசையில் மின்னூல்களாகக் கொண்டுவர முடிந்தது. து. நித்யாவின் 'எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்' அப்படி வந்த நூல்களில் ஒன்று. எல்க்னர் ஜாவாவிலிருந்து பைத்தானுக்கு மாற்றினார். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றுவதற்கும் தேவைப்படுவது அதே அனுமதிதான்.

அனுமதி மட்டும் போதுமா?:

போதாது. 2020 ஜனவரி 1 முதல் பைத்தான் 2க்கான ஆதரவு நிறுத்தப்பட்டது. பில்கிரிமின் முதல் புத்தகம் போன்றவை இன்றும் கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் உள்ள முதல் நிரலே இன்றைய பைத்தானில் ஓடாது. வென்ட்வொர்த் போல யாராவது உட்கார்ந்து திருத்தினால்தான் புத்தகம் உயிரோடு இருக்கும். உரிமம் கதவைத் திறந்து வைக்கும், உள்ளே வந்து வேலை செய்ய ஆள் வேண்டும்.

எனவே இலவசமாக ஒரு மொழி கற்க நினைப்பவர் விலையை மட்டும் பார்த்தால் போதாது. எந்த ஆண்டில் எழுதியது, மொழியின் எந்தப் பதிப்புக்கு எழுதியது, என்ன உரிமம் என்று மூன்றையும் பார்ப்பது நல்லது. முதல் பக்கத்தில் யாரும் படிக்காமல் தள்ளிவிடும் அந்தச் சிறிய எழுத்தில்தான் உரிமம் இருக்கும். அனுமதி இருந்தால் ஒரு நகலைத் தன் கணினியில் சேமித்து வைக்கலாம். பிழை கண்டால் எழுதியவருக்குச் சொல்லலாம். யார்க்டவுன் பள்ளி மாணவர்களுக்கு அதற்கு ஒரு மதிப்பெண் கிடைத்தது. இன்று கற்பவருக்கு மதிப்பெண் கிடைக்காமல் போகலாம், ஆனால் அடுத்து அதே பக்கத்துக்கு வரும் மாணவர் தடுக்கி விழமாட்டார்.